உதட்டில் எடுத்த சொட்டு

கொக்கிக்கு ரத்தம் எடுப்பதென்றால் காதுமடலில்தான். பத்து விரலும் கைக்கட்டுக்குள்ளும் கிளவுஸுக்குள்ளும் போய்விட்ட பிறகு ஒரு குத்துச்சண்டைக்காரன் உடம்பில் சர்க்கரை பார்க்க வேறு இடம் எங்கே இருக்கிறது? ஒரு சுற்று முடிந்ததும் மூலையில் வந்து முக்காலியில் உட்காருவான். அறுபது விநாடி. பயிற்சி தரும் மாஸ்டர் முன்னால் குனிந்து முகத்துக்கு வாஸ்லைன் தடவிக்கொண்டே திட்டுவார். அவன் அக்கா பின்னால் கயிற்றுக்கு வெளியே நின்று, வியர்வை துடைக்கிற சாக்கில் துண்டை அவன் தலைமேல் போர்த்துவாள். துண்டுக்குள் இடது காதுமடலில் ஒரு குத்து, ஒரு சொட்டு, ஸ்ட்ரிப்பை அதில் தொட்டால் ஐந்து விநாடியில் மீட்டரில் எண். மாஸ்டரின் தோளில் ஒருமுறை தட்டினால் எல்லாம் சரி. இருமுறை தட்டினால் இறங்குகிறது, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் கொடு. மூன்றுமுறை தட்டினால் ஏறுகிறது, வெறும் தண்ணீர் போதும். மூன்று வருஷம், பதினான்கு சண்டை, ஒரு பயலுக்கும் வாசம்கூடத் தெரியாது.

தெரியக் கூடாது. லைசென்ஸ் விண்ணப்பத்தில் 'இன்சுலின் எடுப்பவரா?' என்று குத்துச்சண்டைச் சங்கம் ஒரு கேள்வி வைத்திருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தது அக்காவின் கை. 'ஆம்' என்று அடித்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை மற்ற நாட்களில் அவன் போட்டுக்கொள்வான். சண்டைக்கு முந்தின நாள் அக்கா அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, ஒட்டியிருந்த தடம் தெரியாமல் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். சட்டையில்லாமல் நிற்கிற தொழிலில் வேறு எப்படி மறைப்பது?

பதினொரு வயதில் அவனுக்கு டைப் ஒன் சர்க்கரை வந்தது. அதுவரை பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவன்தான் முதல். வந்த மறுவாரம் விளையாட்டு வாத்தியார் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, எல்லோர் சட்டைப்பைகளிலும் இருந்ததை எடுத்து அவன் மடியில் வைத்துக் காவல் காக்கச் சொன்னார். ஒருவன் வந்து தன் பேனாவை வாங்கும்போது, "சீக்காளி, என் பேனாவைத் தொட்டியா?" என்று கேட்டான். கேட்டவனுக்கு மூக்கு உடைந்தது. அதுதான் கொக்கியின் முதல் சண்டை, அதில் நடுவர் கிடையாது. இடது கையை வளைத்து அவன் விட்ட அதே குத்தைப் பின்னாளில் பார்த்துத்தான் மாஸ்டர் அவனுக்குக் கொக்கி என்று பேர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

அக்கா அவனுக்கு ஐந்து வயது மூத்தவள். சலூனில் முடி வெட்டுகிறவள். ஒரு நாளைக்கு இருபது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பழகிய கை. ஆனால் அவளுடைய நிஜமான படிப்பு தம்பியின் சர்க்கரைதான். ஓடினால் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். தொங்கும் மூட்டையை ஒரு மணி நேரம் நிதானமாகக் குத்தினாலும் இறங்கும். ஆனால் எதிரே நிஜமாகவே ஒருவன் அடிக்க வந்து நின்றால் ஏறும். பயமும் வெறியுமாகச் சேர்ந்து ஈரலைப் பிழிந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். சண்டை முடிந்து எல்லாம் அடங்கிய பிறகு, கொட்டினதெல்லாம் மடமடவென்று வடியும். ஆகவே அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: சண்டை நடக்கும்போது எவ்வளவு ஏறினாலும் இன்சுலின் போடக் கூடாது. ஏறினது தானாக இறங்கும், நாம் கை வைத்தால் குழிக்குள் போய்விடும். இதை அவள் மாஸ்டருக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சட்டத்தை மீறியது அவளேதான்.

பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் நடுவே ரிங் போட்டிருந்தார்கள். தகரக் கூரை, மேலே வெயில். உள்ளே ஐந்நூறு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறு சுற்று. ஜெயிக்கிறவன் அடுத்த மாதம் சாம்பியன் பட்டத்துக்கு மோதுவான், தோற்கிறவன் வீட்டுக்குப் போகலாம். கொக்கிக்கு எதிரே நின்றவன் வாரம் முழுக்க லாரி ஓட்டுகிறவன். எல்லோரும் அவனை லாரிக்காரன் என்றே கூப்பிட்டார்கள். கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்கு இருக்கவில்லை, தோளுக்கு மேலே நேராகத் தலை.

லாரிக்காரன் முகத்தைத் தேடவேயில்லை. முதல் சுற்றிலிருந்தே வலது விலாவுக்குக் கீழே, ஈரலுக்கு நேராக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் கொக்கியின் வாயிலிருந்து காற்று 'ஹக்' என்று வெளியே வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்குத் தன் வயிற்றில் விழுந்தாற்போல இருந்தது. கொக்கியும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் சுற்றில் லாரிக்காரனின் இடது கண் மூடிக்கொண்டது. மூன்றாம் சுற்றில் புருவம் கிழிந்து, அவன் மார்பில் வழிந்த ரத்தம் கொக்கியின் கிளவுஸில் ஏறி, அங்கிருந்து கொக்கியின் முகத்துக்கே வந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் வெள்ளைச் சட்டையைத் துடைத்துக்கொண்டே "இன்னும் போடு!" என்று கத்தினார்.

மூன்றாம் சுற்று முடிந்தபோது காதுமடலில் நூற்று இருபத்தெட்டு, போன சுற்றைவிடக் குறைவு. இறங்குகிறது. அக்கா இருமுறை தட்டினாள், மாஸ்டர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தார்.

நான்காம் சுற்றின் கடைசி விநாடிகளில் லாரிக்காரன் முதல்முறையாக முகத்துக்கு வந்தான். கீழே கீழே என்று காத்துக்கொண்டிருந்த கொக்கியின் கைகள் இறங்கியிருந்தன. வலது கைக் குத்து வாயில் விழுந்தது. பல்காப்பு வெளியே பறந்தது. மேலுதடு நடுவில் பிளந்து பல் தெரிந்தது. மணி அடித்ததால் தலை தப்பியது.

முக்காலியில் வந்து விழுந்தவனின் வாயில் மாஸ்டர் தட்டுக்குக் காத்திராமல் மறுபடியும் குளுக்கோஸ் தண்ணீரைப் புகட்டினார். பாதியை விழுங்கினான், பாதியைச் சிவப்பாக வாளியில் துப்பினான்.

"அக்கா, கண்ணு மங்குது. வாய் காய்ஞ்சு போகுது."

இதே வார்த்தைகளை ஆறு மாதத்துக்கு முன்பு பயிற்சியில் சொன்னான். அன்றைக்குச் சர்க்கரை நானூற்று முப்பது. சொல்லி முடித்த அடுத்த நிமிஷம் வாந்தியெடுத்து, கால் இரண்டும் செத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். அது அவள் மனதில் ஆணி அடித்திருந்தது. வாயில் குத்து வாங்கினவனுக்கும் கண் மங்கும், வாய் காயும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஏறவில்லை.

காதுமடலைக் குத்தினாள். லாரிக்காரன் உரசியதில் காது கன்றிப்போயிருந்ததால் மாஸ்டர் அங்கேயும் வாஸ்லைன் அப்பியிருந்தார். ரத்தம் சொட்டாகத் திரளாமல் வழுக்கிப் பரவியது. மீட்டர் பிழை காட்டியது. இன்னொரு ஸ்ட்ரிப் போட்டாள், மறுபடியும் பிழை. முப்பது விநாடி போய்விட்டது. கண்ணெதிரே அவன் உதட்டிலிருந்து குழாய் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க, ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவள் தவித்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு மேலே எக்கி, ஸ்ட்ரிப்பை அந்த உதட்டில் தொட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

ஆறு மாதத்துக்கு முந்தின பயம் அவள் மூளையைச் சாப்பிட்டுவிட்டது. இடுப்புப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள். ஐந்து யூனிட் திருப்பினாள். தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடவேண்டும், கிள்ள நேரமில்லை. துண்டை அவன் மடியில் போட்டு, தொடையில் நேராகக் குத்தி அழுத்தினாள். ஊசி தசைக்குள்ளேயே போயிருக்கும். ஓடி ஆடி ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிற தசை, போட்டதை உறிஞ்சிக் குடிக்கும் தசை.

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் மாஸ்டர், உதடு அசையாமல்.

"நானூத்திப் பன்னண்டு மாஸ்டர்."

"காதுலயா எடுத்த?"

மணி அடித்துவிட்டது. முக்காலியை இழுத்துக்கொண்டு இருவரும் கீழே இறங்கினார்கள்.

ஐந்தாம் சுற்றும் ஆறாம் சுற்றும் பார்க்கக் கூடாத சண்டை. உதடு கிழிந்தவன் அதைப் பொருட்படுத்தவில்லை. லாரிக்காரன் ஈரலில் போடப் போட, இவன் மூடின கண்ணின் பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, அவனுக்குத் தெரியாத திசையிலிருந்து அடித்தான். ஆறாம் சுற்றில் இருபது விநாடி மிச்சமிருக்கும்போது இடது கை வளைந்து வந்தது. தாடையில் விழுந்த சத்தம் தகரக் கூரைவரை கேட்டது. லாரிக்காரன் ஒரு முழங்காலில் உட்கார்ந்தான், எட்டு எண்ணும்போது எழுந்தான், எழுந்தவனை மணி காப்பாற்றியது. மூன்று நடுவர்களும் கொக்கிக்கே எழுதினார்கள். ரெஃப்ரீ அவன் கையைத் தூக்கினார். அக்கா விசில் அடித்தாள். மாஸ்டர் அழுதார். மனுஷனுக்குக் கண்ணீர் வராத வெற்றியே கிடையாது.

கிடங்கின் பழைய ஆபீஸ் அறையைத்தான் உடை மாற்ற ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நீள பெஞ்சு, துருப்பிடித்த இரும்பு அலமாரி வரிசை, மூலையில் எடை பார்க்கும் மெஷின். மாஸ்டர் கிளவுஸைக் கழற்றிக்கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட நடுவர் மேஜைக்குப் போனார். கொக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கைக்கட்டும் அதன்மேல் சுற்றிய டேப்பும் அப்படியே இருந்தன.

"ஜெயிச்சவன் மூஞ்சியா இது? கொஞ்சம் சிரியேன்டா. உதடு வலிக்குமேன்னு பார்க்கறியா?"

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கைக்கட்டை வெட்ட வந்தவள் நின்றாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது, வியர்வை நிற்கவில்லை. பிடரியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அக்கா இல்லை.

மீட்டருக்காகப் பைக்குள் கையை விட்டாள். ஸ்ட்ரிப் டப்பா விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. துண்டைத் தொட்டாள், அதுவும் ஒட்டியது. அவன் உதட்டைத் துடைத்த துண்டு. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், தித்தித்தது.

வாய் நிறையக் குளுக்கோஸ் தண்ணீரைக் கொப்பளித்தவனின் உதட்டிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறாள். மீட்டர் அளந்தது அந்தத் தண்ணீரை. ரத்தத்தில் அப்போது நூற்றிருபதோ நூற்றுமுப்பதோ இருந்திருக்கும். அதற்குமேல் ஐந்து யூனிட்டைத் தசையில் இறக்கி, இரண்டு சுற்று ஓடவும் விட்டிருக்கிறாள். கத்தரிக்கோலை அலமாரிக்கு மேலே அவன் கைக்கு எட்டாமல் எறிந்தாள், குளுக்கோஸ் ஜெல்லைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"டேய், வாயைத் திற. லோ ஆயிட்ட. இதை முழுங்கு."

சர்க்கரை இறங்கி லோ ஆகும்போது அழுகிறவர்கள் உண்டு, காரணமில்லாமல் சிரிக்கிறவர்கள் உண்டு. கொக்கிக்கு முன்பெல்லாம் பிடிவாதம் வரும், அவ்வளவுதான். ஆனால் இந்த அளவுக்கு அவன் இறங்கியதில்லை. மூளை பட்டினி கிடக்கும்போது மிஞ்சுவது உடம்பு பழகின பழக்கம் மட்டும். இந்த உடம்பு ஒன்பது வருஷமாகப் பழகியது ஒரே பாடம்: முகத்தை நோக்கி ஒரு கை வந்தால் அதை அடி.

அவள் கை முகத்தை நோக்கிப் போனது.

இடது கை நேராக வந்து கன்னத்தில் விழுந்தது. டேப் சுற்றிய முட்டி. அவளுக்கு வலி தெரியுமுன்னே சத்தம் தெரிந்தது. ஜெல் எங்கேயோ பறந்தது. "டேய், நான்டா!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கொக்கி என்கிற பேருக்குக் காரணமான அந்தக் குத்து வந்தது. புருவ எலும்பில் பட்டது. அலமாரியில் மோதிக் கீழே சரிந்தாள். இரும்புக் கதவுகள் கடகடவென்று அதிர்ந்தன.

அவன் பின்வாங்கி, காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு நின்றான்.

"எழுந்திரு," என்றான். "எழுந்து வா."

இத்தனை வயதுவரை அக்காவை ஒரு 'போடி' சொல்லாதவன்.

பைக்குள் ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட ஆபத்துக்கென்றே வைத்திருக்கும், சர்க்கரையை உடனே ஏற்றும் குளுக்ககான் ஊசி. ஆனால் ஊசியில் இருக்கும் நீரைக் குப்பியில் இருக்கும் பொடியோடு கலக்க வேண்டும், குலுக்க வேண்டும், ஊசியில் ஏற்ற வேண்டும். ஒரு கண்ணில் ரத்தம் வழிய, தரையில் உட்கார்ந்தபடியே கலக்கினாள். பொடி கரைந்துகொண்டிருக்கும்போதே அவன் உதைத்தான். குப்பி எடை மெஷினுக்கு அடியில் போய்ச் சில்லுசில்லாக உடைந்தது. இரண்டாவது உதை அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் அலறவில்லை. அலறினால் ஆட்கள் வருவார்கள், வந்தால் குட்டு வெளிப்படும். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்த நினைப்பு இருந்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் மூன்று வருஷம் ஒன்றை மறைத்தவர்களுக்குத்தான் தெரியும், மறைப்பது ஒரு கட்டத்துக்குமேல் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும் என்று.

கதவைத் தள்ளிக்கொண்டு லாரிக்காரன் வந்தான். ஒரு கண் மூடி, புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டி, கை கொடுத்துவிட்டுப் போக நல்ல மனதோடு வந்த மனுஷன்.

"தம்பி, நல்லா ஆடின..."

கொக்கி பாய்ந்து தலையால் முட்டினான். ஒட்டியிருந்த பிளாஸ்திரி மறுபடியும் சிவந்தது.

"யோவ், நான் தோத்துட்டேன்யா! முடிஞ்சு போச்சுய்யா!"

"காலைப் பிடிங்க அண்ணே! கீழே தள்ளுங்க, விடாதீங்க!"

லாரிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கீழே ஒரு பெண் ரத்தமாகக் கிடந்து சொல்கிறாள். குனிந்து கொக்கியின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்தான். கொக்கி அவன் முதுகில் குத்தினான், பிடரியில் குத்தினான். நின்றபடியே நின்றான், விழவில்லை. அவனை விழவைக்க ஒரே வழிதான் இருந்தது, அதை அவள் மத்தியானம் முழுக்கப் பார்த்திருந்தாள். வலது விலாவுக்குக் கீழே கன்றிக் கறுத்துப்போன இடம். எழுந்தாள். உடம்பின் மொத்தக் கனத்தையும் முழங்கையில் ஏற்றி, தன் தம்பியின் ஈரலில் இறக்கினாள்.

'ஹக்' என்ற அந்தச் சத்தம் வந்தது. மடிந்து விழுந்தான்.

அவன் மார்பில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலால் அழுத்தினாள். கீழே கிடந்த ஜெல்லை எடுத்து, தாடையைத் தூக்கித் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பிதுக்கித் தேய்த்தாள். கடித்தான். நடுவிரல் எலும்புவரை பல் இறங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் வாய் மூடிவிடும்.

"கடி. நல்லா கடி. கடிச்சுட்டு முழுங்கு. முழுங்கித் தொலைடா, என் ராஜா இல்ல."

"என்னம்மா ஊட்டுற அவனுக்கு?" கால்களின் மேல் குப்புறப் படுத்திருந்த லாரிக்காரன் கேட்டான்.

"உதட்டுக்கு மருந்து."

"உதட்டுல தடவற மருந்தை வாய்க்குள்ள எதுக்கு..."

"பேசாம பிடிங்க அண்ணே!"

தொண்டை அசைந்தது, விழுங்கினான். அவள் இரண்டாவது ஜெல்லையும் பிதுக்கினாள். கைக்கட்டுக்கு வெளியே தெரிந்த அவன் விரல் நுனியைத் தண்ணீர் விட்டு நன்றாகத் துடைத்து, குத்திப் பார்த்தாள். நாற்பத்தொன்று. இது ஒன்றை விழுங்கிய பிறகு. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவதையும் கொடுத்தாள். பத்து நிமிஷம் அப்படியே இருந்தார்கள். கீழே கொக்கி, மேலே அக்கா, காலடியில் அவன் தோற்கடித்த எதிரி. மூன்று பேரின் ரத்தமும் அந்தச் சிமெண்டுத் தரையில் ஒன்றாகக் கிடந்தது.

பிறகு அவன் உடம்பு தளர்ந்தது. கடித்த பல் விட்டது. கண்ணைச் சுருக்கி, மேலே இருந்த முகத்தைப் பார்த்தான். ஒரு கண் மூடியிருந்தது, கன்னம் ஊதி உதட்டை ஒரு பக்கமாக இழுத்திருந்தது, புருவத்திலிருந்து அவன் மார்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான். எழ முயன்றான். "அக்கா, எவன் அடிச்சான் உன்னை? எவன்னு சொல்லு."

லாரிக்காரன் மெதுவாக அவன் கால்களை விட்டான்.

"சும்மா படு," என்றாள். சொல்லும்போதே ஜெல் உறைகள், மீட்டர், பேனா எல்லாவற்றையும் துண்டுக்குள் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். வாசலில் மாஸ்டரின் குரலும், கூடவே சங்கத்து டாக்டரின் குரலும் கேட்டன.

டாக்டர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பரிசோதனைத் தாள்கள். சண்டைக்குப் பிறகு ஒவ்வொருவனையும் பார்த்து, அடுத்த போட்டிக்குத் தகுதி உண்டா இல்லையா என்று எழுத வேண்டியவர் அவர்தான். மாஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா இதைச் செஞ்சது?" என்றார் டாக்டர்.

டாக்டர் கொக்கியின் கைக்கட்டில் இருந்த புது ரத்தத்தைப் பார்த்தார்.

"தலையில அடி பட்டு, புத்தி தடுமாறி அடிச்சானா? அப்படின்னா ஸ்கேன் எடுக்கணும். மூணு மாசம் ரிங்குல ஏற விடமாட்டேன்."

மூன்று மாதம் என்றால் பட்டம் போச்சு. நிஜத்தைச் சொன்னால் எல்லாமே போச்சு. அவளுக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"தலைக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். எங்களுக்குள்ள வாய்ச்சண்டை. நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன், கை நீட்டிட்டான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், கோவம் வந்தா கண்ணு தெரியாது."

"புகார் ஏதாவது கொடுக்கறீங்களா?"

"கூடப் பொறந்தவன் மேல என்ன புகார்?"

"சரி. குடும்ப விஷயம்." டாக்டர் டார்ச்சை எடுத்துக் கொக்கியின் கண்களில் அடித்துப் பார்த்தார். நேராக உட்காரச் சொன்னார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், விரலைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். கொக்கி எல்லாம் செய்தான். "தெளிவாத்தான் இருக்கான். இவ்வளவு கோவம் ஆகாதுப்பா. அதை அடுத்த மாசத்துக்கு மிச்சம் வை." பேனாவைத் திறந்து, எடை மெஷின் மேலே தாளை வைத்து எழுதத் தொடங்கினார்.

அவ்வளவுதான். கூடப்பிறந்தவளின் முகத்தைக் கிழித்தவனுக்குத் தகுதி உண்டு. காதுமடலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறவனுக்குக் கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை எழுதின கையை எங்கேயாவது பார்த்தால் நான்கு வார்த்தை கேட்கலாம், ஆனால் அந்தக் கை ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும். அக்காவுக்கோ அப்போது கோபமே இல்லை. தப்பித்தோம் என்று அலமாரியில் சாய்ந்தாள்.

கொக்கி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையைத் திருப்பிப் பார்த்தான், இடது கையைத் திருப்பிப் பார்த்தான். இடது முட்டியின் டேப்பில் நீளமாக ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. அதை எடுத்தான்.

"எழுதாதீங்க டாக்டர்."

"என்னப்பா?"

"அவ சொன்னது பொய்."

"அடிச்சது நீ இல்லையா?"

"நான்தான் அடிச்சிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா நான்தான். ஏன் அடிச்சேன்னு சேர்த்து எழுதுங்க. எனக்கு டைப் ஒன் சர்க்கரை. பதினோரு வயசுல இருந்து இன்சுலின் போடறேன். லோ ஆயிட்டேன்."

அக்கா பாய்ந்து வந்து, கடிபட்ட கையாலேயே அவன் வாயைப் பொத்தினாள்.

"வாயை மூடுடா! உளறான் டாக்டர், அடி வாங்கினதுல உளறான். டேய், இதுக்காடா இவ்வளவு அடி வாங்கினேன்? அடுத்த மாசம்டா, ஒரே மாசம்டா!"

அவன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினான். விரலில் இருந்த பல் தடத்தைப் பார்த்தான்.

"பட்டம் போனா போகுது அக்கா. அக்கா மேல கை வைக்கிறவன், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்னு நீயே சொல்லி ஒரு பேப்பர்ல ஏறினா, அதை வச்சுக்கிட்டு நான் எந்த ரிங்குல ஏறுவேன்?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். லாரிக்காரன், "அதான் மருந்தா அது," என்று யாரிடமோ சொன்னான்.

"தப்பு அவன் மேல இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "உதட்டுல ரத்தம் எடுத்தேன். தண்ணி கலந்தது தெரியாம ஊசி போட்டேன். போட்டது நான். எழுதறதுன்னா என்னை எழுதுங்க."

டாக்டர் எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். மற்றபடி அவர் கெட்ட மனுஷர் இல்லை. உதவியாளனைக் கூப்பிட்டு ஐஸ் கொண்டுவரச் சொன்னார், இனிப்பாக ஏதாவது கொண்டுவரச் சொன்னார், இன்னும் இரண்டு மணி நேரம் இவனைத் தனியாக விடக் கூடாது என்றார். பிறகு புதுத் தாளை எடுத்து, என்ன இன்சுலின், எத்தனை யூனிட், கடைசியாக எப்போது போட்டது என்று கேட்கத் தொடங்கினார்.

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். முகத்துக்காக அழவில்லை, விரலுக்காகவும் இல்லை. பதினான்கு சண்டைகளையும் நினைத்து, வராமலே போன பதினைந்தாவதை நினைத்து, ஒப்பாரி வைத்து அழுதாள். கொக்கி பெஞ்சிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கைக்கட்டு சுற்றிய கையால் ஐஸ் கட்டியை எடுத்து அவள் கண்மேல் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அதைப் பிடித்தபடியே, டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்.